பிச்சையா? பாக்கியா?

திருவண்ணாமலைத் தேரடி வீதியானாலும் சரி, தண்டராம்பட்டு, செங்கம் பக்கத்துக் கிராமத்து டீக்கடையானாலும் சரி, சர்க்கார் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் கிளம்புகின்றது. "சேரிக்காரர்களுக்கு மாத்திரம் ஏன் தனிப் பணம்? எல்லோரும் சமம் என்று சட்டம் சொல்லவில்லையா?" என்பதே அக்கேள்வியாகும். கேட்கின்றவர்கள் பெரும்பாலும் பார்ப்பனர்கள் அல்லர். நேற்றுவரை சூத்திரர் என்று இழிவுபடுத்தப்பட்ட நம்மவர்களே கேட்கின்றார்கள். ஆதலால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை என்று கருதுகின்றோம்.

முதலாவது, எல்லோரும் சமமாக இருக்கின்றார்களா என்று பார்ப்போம். கோயிலுக்குப் போனால் மோட்சம் கிடைக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. சாமியும் மோட்சமும் புரட்டு என்பதே நம் கட்சி. ஆனால் பொது இடத்தில் ஒரு கூட்டத்தாரை மாத்திரம் வாசற்படிக்கு வெளியே நிறுத்துவது அவர்கள் மானத்தைப் பறிப்பதாகும். திருவண்ணாமலைக் கோயிலுக்குள் நுழைய முற்பட்ட "திராவிடன்" ஜே.எஸ். கண்ணப்பர் 1927-ல் தடுக்கப்பட்ட காலத்திலிருந்து நம் இயக்கம் இதைச் சொல்லி வருகின்றது. 1947-ல் கோயில் நுழைவுச் சட்டமும் வந்தது. ஆனால் இதே ஜில்லாவில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயில், அறநிலையத் துறைக்கு உட்பட்டதாயிருந்தும், ஆதிதிராவிடர்கள் அதற்குள் கால் வைத்தது 2023 ஜனவரி 30-ந் தேதிதான். அதுவும் கலெக்டரும் போலீஸ் படையும் கூட வந்ததால் நடந்த காரியம். சட்டத்துக்கும் வாசற்படிக்கும் நடுவில் முக்கால் நூற்றாண்டு கழிந்திருக்கின்றது. இந்த லட்சணத்தில் எல்லோரும் சமம் என்று பேசுவதற்கு யாருக்கு யோக்கியதை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

இனிப் பண விஷயத்துக்கு வருவோம். ஒரு மிராசுதார் தன் பண்ணையாளின் கூலியைப் பத்து வருஷம் பிடித்து வைத்திருந்து, பிறகு ஒரு நாள் நாலு மரக்கால் நெல் அளந்து போட்டால், அதற்குத் தருமம் என்று பெயரா? பாக்கியில் ஒரு பகுதி என்றுதானே பெயர்! நிலமும், படிப்பும், குளத்துத் தண்ணீரும் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவர்களுக்கு சர்க்கார் ஒதுக்கும் மானியமும் அப்படிப்பட்ட பாக்கியே ஒழியப் பிச்சையல்ல.

அந்தப் பாக்கியாவது ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்ததா? 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், சேரி ஜனங்களின் கதியை எழுதி அனுப்பினார். அதன்மேல் 1892-ல் சென்னை சர்க்கார் அவர்களுக்கு நிலம் கொடுக்க உத்தரவிட்டது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்கலாம் என்று நிபந்தனையும் போட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் பல இடங்களில் மற்றவர் பட்டாவுக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்டவர்களில் இருவர் 1994-ல் செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள்.

பிறகு 1979-ல் டில்லி சர்க்கார், தாழ்த்தப்பட்டவர்களுக்கு அவர்கள் ஜனத்தொகை விகிதப்படி திட்டப் பணத்தில் தனிப் பங்கு வேண்டும் என்று சிறப்புக் கூறு திட்டம் வகுத்தது. 2011 ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100-க்கு 20 பேர் அவர்கள். ஆனால் எல்லோரும் நடக்கும் ரோட்டையும், எல்லோருக்கும் பொதுவான கட்டடத்தையும் அவர்கள் பங்கில் செலவு எழுதுகின்றார்கள் என்ற புகார் ஓய்ந்தபாடில்லை. அப்பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வர 2024 ஆயிற்று.

நிற்க. சமத்துவம் என்ற பேரைச் சொல்லியே சமத்துவத்தைக் கெடுக்கும் வித்தை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் கறுப்புப் பெண்கள் நடத்தும் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற ஸ்தாபனம், தொழில் நடத்தும் கறுப்புப் பெண்களுக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்து வந்தது. இது இனபேதம் என்று 2023-ல் வழக்குப் போட்டார்கள். எந்தச் சட்டத்தைக் காட்டி? விடுதலையடைந்த கறுப்பு அடிமைகளைக் காப்பாற்ற 1866-ல் செய்த சட்டத்தைக் காட்டி! 2024 ஜூனில் அப்பீல் கோர்ட்டு மானியத்தை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் ராஜியாகி அந்த மானியமே மூடப்பட்டது.

இது நமக்குப் புதிதா? வகுப்புவாரி உத்தரவு சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லித்தானே 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் அதைத் தள்ள வைத்தார்கள்? தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அதே வருஷம் அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. அன்று "விகிதாசாரம் எங்கள் உரிமை" என்று கூவிப் பலன் பெற்ற சாதியார்கள், இன்று சேரியைப் பார்த்து "உனக்கு ஏன் தனியாக?" என்று கேட்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? மேலே இருப்பவனிடம் பங்கு கேட்கும்போது ஒரு நியாயம், கீழே இருப்பவனுக்குப் பங்கு கொடுக்கும்போது வேறு நியாயமா? கார்த்திகை தோறும் மலை உச்சியில் நெய்யைக் கொட்டி எரிப்பதற்குக் கணக்குக் கேட்காத வாய், சேரிப் பிள்ளையின் ஹாஸ்டல் சோற்றுக்கு மாத்திரம் கணக்குக் கேட்கின்றதே!

சாதி பேதமில்லாத சுடுகாடு உள்ள கிராமங்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்ற திட்டத்தையும் நாம் கேள்விப்பட்டிருக்கின்றோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் 1950 முதல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதை அனுசரிப்பதைக் குற்றமாக்கியிருக்க, குற்றம் செய்யாமல் இருப்பதற்கு வெகுமதி கொடுத்தால் போதுமா? அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் இடத்தில், இத்தனை காலம் தனிச் சுடுகாட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் உட்கார வேண்டாமா? இல்லாவிட்டால் துரத்தியவர்களே வெகுமதியையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆகவே தோழர்களே! கிராம சபை கூடும் நாளில் போய் உட்காருங்கள். சேரியின் பேரால் இந்த வருஷம் எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவாயிற்று, யார் தீர்மானித்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். சேரித் தோழர்களை மாத்திரம் கேட்கவிட்டு நாம் வேடிக்கை பார்ப்பது கூடாது. ஊர்த்தெருவில் இருக்கும் நாமும் கூட நின்று கேட்க வேண்டும். ஏனெனில் பாக்கி வைத்த பக்கத்தில் நாமும் இருந்திருக்கின்றோம்.