இரவல் மனையில் குடிவைத்த தமிழ்



தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த ஓலைகளைச் செல்லரித்த செய்தியைப் பள்ளியிற் படித்தோம், மேடைதோறும் முழங்கினோம். சோழ வேந்தன் கதவைத் திறப்பித்தபோது எஞ்சியவை மிகச் சிலவே என்கிறது திருமுறைகண்ட புராணம். இன்று நம் கையிலிருக்கும் மூவர் பதிகங்கள் எண்ணூற்றுக்கும் குறைவு. அச்செய்தியில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்னும் வழக்கை இங்கு எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளிற் கிட்டாது, இருபதாம் நூற்றாண்டிற் கல்வெட்டிலிருந்தே மீண்டது. ஓரிடத்தில் மாண்டது, வேறோரிடத்தில் வெட்டி வைத்திருந்ததாற் பிழைத்தது.

பூட்டி வைத்தவரை இடித்துரைத்த நாம், இன்று நம் எழுத்தை எவர் வீட்டு அறையில் வைத்திருக்கிறோம்?

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழர் இணையத்தில் எழுதிக் குவித்துள்ளனர். அதற்கு வலைப்பூ என அழகிய பெயரும் இட்டோம். பூ நம்முடையது, கொழுகொம்பும் நிலமும் அமெரிக்க நிறுவனங்களுடையவை! 'இலவசம்' என்னும் சொல்லை விலக்கிக் 'கட்டணமின்றி' என்று எழுதினோம். சொல்லைத் திருத்தினோமே ஒழிய, அதனுள் மறைந்திருந்த ஆளோலையைப் படித்துப் பார்த்தோமல்லோம்.

நடந்தவற்றைப் பாருங்கள். சியோசிட்டீசு என்னும் இடத்தில் எண்ணற்றோர் கட்டணமின்றிப் பக்கம் அமைத்திருந்தனர். அதனை 1999-இல் வாங்கிய யாகூ நிறுவனம், 2009 அக்தோபர் 26-இல் அமெரிக்காவில் இழுத்து மூடியது. தமிழ் இலக்கியம் பேசிய மடலாடற் குழுக்கள் பல, அதே யாகூவின் குழுமங்களிற் குடியிருந்தன. 2020 தொடக்கத்திற் பழைய மடல்கள் அழிக்கப்பட்டன. அவ்வாண்டு திசம்பர் 15-இல் குழுமங்களே மூடப்பட்டன. படியெடுத்து வைத்தோர் பிழைத்தனர். மற்றையோர் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து எழுதியவை மண்ணோடு மண்ணாயின; இல்லை, மண்கூட எஞ்சவில்லை!

"யாகூ வீழ்ந்தது; கூகுள் வீழாது" என்பர் சிலர். வீழ வேண்டுவதில்லை ஐயா! நன்றாக வாழும்போதே தனக்கு ஊதியம் தராததை மூடுவதுதான் வணிகம். கூகுள் தன் ஓடைப் படிப்பியை 2013-இலும், கூகுள் பிளசை 2019-இலும் மூடியது. ஈராண்டு தொடாத கணக்கை நீக்கலாம் என 2023-இல் விதியும் வகுத்தது. மறைந்த புலவரொருவர் எழுந்து வந்து தம் கணக்கைத் தொடுவாரோ?

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சிதம்பரத்தில் வாழ்கிறார். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவரிடம் அமர்ந்து கச்சான், கொண்டல், வாடை எனக் காற்றின் பெயர்களையும், வலையின் உறுப்புப் பெயர்களையும், நீரோட்டத்தைக் குறிக்கும் சொற்களையும் அவர்தம் குரலிலேயே பதிந்து, கட்டணமில்லா இடமொன்றில் ஏற்றி வைத்தார். எந்த அகரமுதலியிலும் ஏறாத சொற்கள் அவற்றுள் இருந்தன. மூடப்போவதாக ஆங்கிலத்தில் ஒரு மின்மடல் வந்ததாம். தாம் திறந்து பார்ப்பதை விட்டுவிட்ட முகவரிக்கு! அவர் அறிந்தபோது அறை வெறுமையாயிருந்தது. அச்சொற்களை உரைத்த முதியவருள் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர். அந்நிறுவனத்தை நான் நோவதற்கில்லை. அது தன் வாக்கின்படியே நடந்தது. படி ஒன்று எடுத்துவை என்று சொல்லித் தராத ஆசிரியனாகிய என்னையே நோகிறேன்.

அஞ்சல் துறையிற் பணியாற்றிய பாவலரேறு பெருஞ்சித்திரனார், 1959-இல் இதே கடலூரிலிருந்து தென்மொழியைத் தொடங்கினார். அவ்விதழ்கள் இன்றும் அன்பர் பலர் வீட்டுப் பேழைகளிற் கிடைக்கின்றன. ஒருவர் வீட்டிற் கறையான் புகுந்தாலும் மற்றொருவர் வீட்டில் அவ்விதழ் வாழும். ஈழத்தவரைப் பாருங்கள்! 1981-இல் யாழ் நூலகம் எரிந்த புண்ணைச் சுமந்தோர், 2005 முதல் நூலகத் திட்டத்தில் தம் நூல்களை மின்படியாக்கி வருகின்றனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் பரந்த தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்ட நூல்களை எவரும் இறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

எழுதுவோர் அனைவரும் இணையத்தை விட்டு ஓடுக என்று சொல்லவில்லை. வலைப்பூவை முழுவதும் தரவிறக்கும் வழி கூகுளிலேயே உள்ளது. திங்கள்தோறும் அதனைச் செய்க. இயன்றவர் சொந்தப் பெயரில் வலைமுகவரி வாங்குக. இடம் மாறினும் முகவரி மாறாது. சிறந்தவற்றை அச்சிட்டு ஊர் நூலகத்திற்கு ஒரு படி, நண்பர்க்கு ஒரு படி தருக. தமிழ்நாட்டரசு இணையக் கல்விக்கழகம் நடத்துகிறதே, தனியாளர் எழுத்தையும் ஒலிப்பதிவையும் ஏற்றுக் காக்கும் களஞ்சியம் ஒன்றை அங்கே அமைக்கக் கேட்போம்.

அந்த மாணவர் மறுபடியும் கிள்ளைக்குப் போய்வருகிறார். இம்முறை மூன்று படிகள் எடுக்கிறார். ஒன்று என் பேழையில் இருக்கிறது.