15,000 வோல்ட் தாங்குமாம், 24 வோல்ட் தாங்காதாம்!

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற மக்களே, இது உங்களுக்குத்தான். ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஆர்.எஸ்.485 டிரான்சீவர்களை ஒப்பிட்டு ஒரு அட்டவணை போடுவார்கள். வேகம், விலை, மின்செலவு... அவ்வளவுதான். ஒயரில் தப்பான வோல்டேஜ் ஏறினால் எது பிழைக்கும் என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடம் கிடையாது.

வடசென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி கன்வேயரில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. திருவொற்றியூர், மணலி பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். இந்த மாதிரி இடங்களில் மீட்டரும் மோட்டார் டிரைவும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இரண்டே ஒயரில். பக்கத்து டெர்மினலிலேயே 24 வோல்ட் சப்ளை. உப்புக்காற்றில் அரித்த ஸ்க்ரூ, இருட்டில் மாற்றிச் சொருகிய ஒயர்... ஒரு தடவை உரசினால் போதும். ஒரே லைனில் 32 கருவிகள் வரை தொங்கும். அத்தனையும் சேர்ந்தே சாகலாம்.

485 தரம் கேட்பது −7 முதல் +12 வோல்ட் வரைதான். லேப்பில் எல்லோருக்கும் பழகிய மேக்ஸ்485-இன் எல்லை 12.5 வோல்ட். "மேக்ஸ்485ஈ 15 கிலோவோல்ட் தாங்குமே" என்பார்கள். தாங்கும். அது விரல் நுனியிலிருந்து பாயும் நிலைமின்சாரம், நானோசெகண்ட் சமாச்சாரம். 24 வோல்ட் மணிக்கணக்கில் நிற்கும். சாரலைத் தாங்கும் குடை வெள்ளத்தைத் தடுக்குமா?

எஸ்என்65எச்விடி1785 ±70 வோல்ட் தாங்கும், வேகம் 115 கிலோபிட். அதே குடும்பத்தில் 10 மெகாபிட் ஓடும் 1787-க்கு ±30 தான். எல்டிசி2862-1 ±60 தாங்கிக்கொண்டே 20 மெகாபிட் ஓடும். வேகம் பத்தாது என்று 1785-ஐ ஒதுக்குகிறவர்களே, மோட்பஸ் லைன்கள் பெரும்பாலும் 9,600, 19,200-இல்தானே ஓடுகின்றன?

"வெளியே டி.வி.எஸ் டயோடு போட்டால் போதாதா?" மின்னல் தெறிப்புக்கு அதுவும் வேண்டும், இந்தச் சிப்களோடு சேர்த்தே வேண்டும். ஆனால் 12 வோல்ட் லைனுக்கென்று விற்கும் டயோடு, விடாமல் நிற்கும் 24 வோல்ட்டில் தானே முதலில் எரியும். 24-க்கு மேல் விழிக்கிற டயோடு போட வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் சிப் அதைத் தாங்க வேண்டும்.

சிப் விலை கூடத்தான். மிச்சம் பிடிப்பவர் ஒருவர். ஐப்பசி மழையில் நடுராத்திரி பேனலைத் திறந்து, செத்த கார்டு எது என்று தேடும் கான்ட்ராக்ட் தொழிலாளி வேறொருவர்.

அடுத்த அட்டவணையில் முதல் வரியாக இதைப் போடுங்கள். வேகம் கடைசியில் வரட்டும்.