தொட்டி மீனும் போர் தண்ணீரும்

"ஆப்பிரிக்க சிக்லிட் மீனைத் தங்கமீனோடு விடலாமுங்களா?" என்று தொண்டாமுத்தூர் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம், சகோதரி! நம் குளத்து ஜிலேபி மீனுக்கு இவை பங்காளிகள். இடத்துக்காகச் சண்டை போடும். தங்கமீனின் துடுப்பு தப்பாது.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது, மலாவி ஏரியைச் சேர்ந்த 'எலக்ட்ரிக் எல்லோ' என்ற ஒரே இனம். அந்தக் கூட்டத்தில் இதுதான் சாது. 4 அடித் தொட்டி, 6 அல்லது 8 குஞ்சுகள், ஒளியக் கல் பொந்துகள் வேண்டும்.

சிறுவாணித் தண்ணீர் நமக்கு அமிர்தம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பதால் இதற்கு ஒத்துவராது. நாம் முகம் சுளிக்கிற போர் தண்ணீர்தான் பிடிக்கும்!

பெண் மீன் வாய் உப்பி, இரை தின்னாமல் இருந்தால் பதறாதீங்க. வாய்க்குள் முட்டையை அடைகாக்கிறாள். மூன்று வாரம் போல ஆகும். அதுவரை தொந்தரவு செய்யாமல், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.