பரம்பரை வாளின் பிறப்பிடம் யாது?

“எமது இல்லத்தில் மூன்று தலைமுறையாகப் பேணப்பட்டு வரும் வாள் ஒன்று உண்டு. அதன் பிடியிலே சிங்கத் தலையும், அலகிலே ரோம எழுத்துப் போன்றதொரு குறியும் காணப்படுகின்றன. வீட்டார் அதனைத் துலக்கி விற்றுவிட எண்ணுகின்றனர். அஃது எந்நாட்டு வாள்?” என மாணவ நேயர் ஒருவர் வினவியுள்ளார். இத்தகைய பொருள் வேறு இல்லங்களிலும் இருத்தல் கூடுமாதலின், விடையைச் சற்று விரித்தே கூறுவோம்.

சிங்கமுகப் பிடியுடைய வாள் இலங்கையில் ‘கஸ்தானே’ எனப்படும். குறுகிச் சிறிதே வளைந்த அலகு, வாய் பிளந்த சிங்கத் தலையாய் முடியும் பிடி, கையைக் காக்கும் வளைவுகளின் நுனிகளிலே மகரம் போன்ற சிறு தலைகள் ஆகியன அதன் அடையாளங்கள். நமது தேசியக் கொடியின் சிங்கம் ஏந்தி நிற்பதும் இவ்வகை வாளே.

ஆயினும், பிடியைக் கண்டவுடன் வாள் முழுவதும் இந்நாட்டதே என முடிவு கட்டலாகாது. பிடி, அலகு, உறை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். கஸ்தானே வாள்கள் பலவற்றின் பிடி இலங்கைக் கம்மியரின் கைவண்ணம். அலகோ ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. அலகிலே ‘வி’ என்னும் பெரிய எழுத்தின் இரு கோடுகளிலும் ‘ஓ’, ‘சி’ என்னும் எழுத்துக்கள் பின்னிக் கிடப்பின், அஃது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையாகும். மேலே ‘ஏ’ இருப்பின் அது கம்பனியின் அம்ஸ்ரடாம் கிளையைக் குறிக்கும். அக்கம்பனி 1602 இல் தோன்றி 1799 இன் இறுதியிற் கலைந்தது. எனினும், பழைய அலகுக்குப் பின்னாளிற் புதுப்பிடி பொருத்துதலும், பெயர் பெற்ற குறிகளைப் பிறர் போலியாகப் பொறித்தலும் உண்டு. ஆகவே முத்திரை ஒன்றே முடிந்த சான்றாகாது.

அஃது எவருடைய வாள் என்பது அடுத்த வினா. முன்னோர் போர்க்களத்தில் ஏந்தியது என்று கூறுவது குடும்பங்களின் வழக்கம். ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களிலே முதலியார் முதலிய பதவியினர் இவ்வகை வாளைப் பதவிச் சின்னமாக அணிந்தனர். எனவே வாளுடன் பழைய நியமனப் பத்திரம், உறுதி, நிழற்படம் ஏதேனும் உண்டோ எனப் பெட்டகத்தைத் தேடுக. முதியோர் கூறும் வரலாற்றை அவர்தம் பெயருடன் எழுதி வைத்திடுக.

பிறப்பிடமும் கைமாறிய வரலாறும் அறிதலின் பயன் சிறிதன்று. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது சென்ற பொருள்கள் நெதர்லாந்தின் அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் இருந்தன. அவை வந்த வழியை அறிஞர் ஆராய்ந்து தெளிந்த பின்னர், 2023 இல் பொன், வெள்ளி வேலைப்பாடுடைய இரு கஸ்தானே வாள்களும் பீரங்கி முதலியனவும் இலங்கைக்கு மீண்டன.

ஆதலின், புளியும் சாம்பலும் இட்டு வாளைத் துலக்கற்க. தேய்த்தழித்த முத்திரையை மீட்க வழியில்லை. வியர்வை படாது துணியாற் பிடித்து, மெல்லிய எண்ணெய் தடவி, ஈரமற்ற இடத்தில் வைத்திடுக. பிடியையும் அலகையும் நிழற்படமெடுத்துக் கொழும்பு நூதனசாலையாரிடம் காட்டுக. விற்பதோ வைத்திருப்பதோ, இன்னதென்று அறிந்த பின்னர் வீட்டார் கூடி முடிவு செய்யலாம்.