மலசலகூடத் தாங்கியில் கரையும் குடிநீர்

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. மழைநீரை ஏந்தி நிற்கும் சுண்ணக்கற் படுகையே அங்குள்ள மக்களின் நீர்க்களஞ்சியம். அதிலும் உவரேறி, உரமும் மலக்குழிக் கசிவும் கலந்து வருகின்றன. இந்நிலையிலேயே, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. பெரும் மின்செலவில் உப்பு நீக்கப்படும் நீர், குழாய்வழி வீட்டை அடைந்ததும் மலசலகூடத் தாங்கியையும் நிரப்புகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய தாங்கிகள் சில ஒரு தடவைக்கு 13 லீற்றர் வரை வெளியேற்றுபவை. நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவர் ஐந்து தடவை பயன்படுத்தினால், நாளொன்றுக்கு 260 லீற்றர் செலவாகும். அவுஸ்திரேலியாவில் 1980 ஆம் ஆண்டளவில் உருவான இரட்டைப் பொத்தான் முறை, இன்று மலத்துக்கு 6 லீற்றர், சலத்துக்கு 3 லீற்றர் எனச் சுருங்கியுள்ளது. அதே குடும்பத்துக்கு இம்முறையில் 72 லீற்றர் போதும்.

எனினும், தாங்கியை மாத்திரம் மாற்றுவது பயன் தராது. அதிக நீருக்கென வடிவமைக்கப்பட்ட பழைய கொமட்டில் நீரைக் குறைத்தால் இரு தடவை ஊற்ற நேரிடும். சேமிப்பு அங்கேயே அழிந்துவிடும். தாங்கியும் கொமட்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். குந்தும் மலசலகூடத்தில் வாளியால் அளவாக ஊற்றுவோர் ஏற்கெனவே சிக்கனமானவர்களே. அவர்களுக்குப் போதனை தேவையில்லை.

செலவின்றிச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இரவில் தாங்கியினுள் சிறிது வண்ணச் சாயம் இட்டு, அரை மணி நேரம் எவரும் பயன்படுத்தாது விடுங்கள். கொமட்டில் நிறம் தென்பட்டால் அடைப்பிதழ் கசிகின்றது. ஓசையின்றி இரவு பகலாக ஒழுகும் இந்நீருக்கும் கட்டணம் செலுத்துபவர் வீட்டுக்காரரே.

காத்தான்குடி, கல்முனை போன்ற நெருக்கமான கரையோரக் குடியிருப்புகளில் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைந்துள்ளன. அங்கே குறைந்த நீர் குழியில் விழுவதால் மண்ணுக்குள் இறங்கும் கழிவுநீரின் கனவளவு குறையும். ஆனால் கழிவிலுள்ள நைதரசன் குறையாது. ஆதலால் இது வடிகாலமைப்புக்கு மாற்றீடாகாது.

பழைய வீடுகளில் வாழும் ஏழைகள்மீது இச்சுமையை ஏற்றுதல் நியாயமன்று. புதிய கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி சபைகள் சிக்கனத் தாங்கியை நிபந்தனையாக்க வேண்டும். பாடசாலை, வைத்தியசாலை, கோவில், பள்ளிவாசல் ஆகியன முன்மாதிரியாக அமைய வேண்டும். நீரைத் தேடிக் கடல்வரை சென்றுவிட்ட நாம், வீட்டுத் தாங்கியின் மூடியையும் ஒருமுறை திறந்து பார்ப்பதே முறையாகும்.