நின்றபடி சூடேறும் கார்

தில்லியிலும் அதையொட்டிய நொய்டா, குருகிராம் நகரங்களிலும் ஜனவரி மாதக் காலைகளில், அடுக்ககங்களின் அடித்தள வாகன நிறுத்தங்களில் ஒரு சடங்கு தவறாமல் நடைபெறுகிறது. முதலாளி இறங்கி வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஓட்டுநர் காரை முடுக்கி ஓடவிட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குகிறார். டர்போ பொருத்திய வண்டி என்றால் அக்கறை இரட்டிப்பாகிறது. டர்போ சூடேறாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது மெக்கானிக் முதல் மாமனார் வரை எல்லோரும் வழங்கும் அறிவுரை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி இயந்திரத்துக்கும் கேடு, அருகில் நிற்பவர்களுக்கும் கேடு.

உண்மையான பாதி இது: டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைக் கடந்து சுழலும், சிறிய பெட்ரோல் இயந்திரங்களில் இரண்டு லட்சத்தையும் தொடும். பெரும்பாலான டர்போக்களில் அத்தண்டு பேரிங்கின் மீது நேரடியாக உராய்வதில்லை. இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. ஒரு முனையில் 900 டிகிரி செல்சியஸை எட்டக்கூடிய புகை, மறுமுனையில் வெளிக்காற்று. இன்றைய கார்களில் பரவலாக ஊற்றப்படும் 5டபிள்யூ-30 எண்ணெய், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ ஆறு மடங்கு தடிப்பானது. தில்லியின் குளிர்காலக் காலையில் அத்தடிப்பு இன்னும் பன்மடங்கு. அந்நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிப்பது அறிவீனமே.

ஆயினும், அந்த எண்ணெயைச் சூடேற்ற நின்ற இடத்திலேயே ஓடவிடுவதுதான் வழி என்பது அதிலிருந்து பெறப்படவில்லை. சுமையின்றி ஓடும் இயந்திரம் எரிக்கும் எரிபொருள் சொற்பம். பிறக்கும் வெப்பமும் சொற்பம். டர்போவுக்கு வெப்பம் புகையின் வழியே வருகிறது. வேலை இல்லாதபோது புகையிலும் வலு இல்லை. பத்து நிமிடம் கழிந்த பின்னும் எண்ணெய் தன் இயல்பான வெப்பத்தை எட்டியிருப்பதில்லை. இதற்கிடையில், குளிர்ந்த இயந்திரம் அணைந்துவிடாதிருக்கக் கணினி கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகிறது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை இயந்திரங்களில், ஆவியாகாத துளிகள் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயோடு கலக்கின்றன. எந்த எண்ணெயைக் காக்க வேண்டி இத்தனை காத்திருப்போ, அதுவே நீர்த்துப்போகிறது.

இப்பழக்கம் அம்பாசிடர், பத்மினி காலத்தின் எச்சம். சோக்கை இழுத்து, உறுமவிட்டு, சற்றுப் பொறுத்து எடுக்காவிட்டால் தெருமுனையிலேயே நின்றுவிடும் கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது அவசியமாயிருந்தது. கார்புரேட்டர் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. பழக்கம் மட்டும் டர்போவைக் காரணம் காட்டி மறுபிறவி எடுத்திருக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு வரிச் சலுகை இருப்பதால், ஒரு லிட்டர் டர்போ இயந்திரம் இன்று நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்துவிட்டது. ஆகவே, இது செல்வந்தர்களின் கவலை மட்டுமன்று.

அடித்தளத்தில் நிற்கும் மனிதர்களின் கணக்கு வேறு. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி சில நூறு டிகிரி சூடேறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முந்தைய நிமிடங்களில்தான் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் மிகுதியாக வெளிப்படுகின்றன. பி.எஸ்.6 முத்திரை அந்த நிமிடங்களில் அவ்வளவாகக் காப்பாற்றாது. அப்புகையைச் சுவாசிப்பவர் காவலாளி, கார் துடைக்கும் சிறுவன், பள்ளிப் பேருந்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் பாட்டி. முதலாளி அப்போது மாடியில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார்.

வேண்டியது எளியது. முடுக்கியபின் அரை நிமிடம். இருக்கைப் பட்டையை மாட்டிக் கண்ணாடியைச் சரிசெய்யும் நேரம். பிறகு 2,000 முதல் 2,500 சுற்றுகளுக்குள் மென்மையாகச் சில கிலோமீட்டர். இயந்திரம் வேலை செய்தே சூடேறட்டும். வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்ததும் அவசரப்படலாகாது. அது காட்டுவது குளிர்நீரின் வெப்பம். எண்ணெய் அதற்குப் பின்தங்கியே வரும். பல சிறிய கார்களில் அந்த முள்ளும் இன்று இல்லை. ஒரு நீல விளக்கு எரிந்து அணைவதோடு சரி. எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானியோ அரிது. டர்போ என்று பின்புறம் பெயர் பொறிக்கத் தயங்காத நிறுவனங்கள் இதில் காட்டும் கஞ்சத்தனம் வியப்புக்குரியது.

விதிவிலக்கு உண்டு. சுழியத்துக்கு 20 டிகிரி கீழே இறங்கும் திராஸ், லே பகுதிகளில் டீசலே மெழுகாய் உறைகிறது. அங்கே சில நிமிடங்கள் பொறுப்பது நியாயம். வாயிற்கதவைத் தாண்டியதும் விரைவுச்சாலையில் ஏற வேண்டியவரும் ஓரிரு நிமிடம் பொறுக்கலாம்.

தில்லியின் ஓட்டுநருக்கு இந்தத் தெரிவு இல்லை. குளிர்ந்த வண்டியில் முதலாளியை ஏற்றினால் வசவு. பத்து நிமிடம் ஓடவிட்ட வண்டியில் முதலாளி ஏறியமர்ந்ததும் வருகிற முதல் சொல், ‘சீக்கிரம்’. எண்ணெய் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கையிலேயே, கார் மேம்பாலத்தில் சீறி ஏறுகிறது.