ஏற்றிய ரத்தமே இதயத்துக்குச் சுமையாகுமா? அரிவாள் செல் நோயாளிகள் வைக்க வேண்டிய 'யூனிட்' கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ஆலைகளில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருபவர்களிடம் தமிழோடு ஒடியாவும் இந்தியும் கேட்கும். ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் இருந்து வேலைக்கு வருபவர்கள் இங்கே ஏராளம். அரிவாள் செல் ரத்தசோகை அதிகம் காணப்படும் பகுதிகளும் அந்த மாநிலங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. இந்தியாவில் இந்த நோய் குறித்த முதல் பதிவே 1952-ல் நீலகிரி பழங்குடிகளிடம் இருந்துதான் வந்தது.

இந்த நோயில் ரத்தம் ஏற்றுவது பல நேரம் உயிரைக் காப்பாற்றும். ஆனால், எத்தனை யூனிட் ஏறியது என்று யாரும் எண்ணாவிட்டால், பின்னாளில் இதயம் பாதிக்கப்படலாம்.

அது எப்படி?

சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் போல வளைந்த அணுவுக்கு ஆயுள் 10 முதல் 20 நாள்தான். ரத்தம் மிகவும் குறைந்தால், நெஞ்சு பாதிப்பு, பக்கவாதம் வந்தால் ரத்தம் ஏற்றுவார்கள். ஒரு யூனிட்டில் 200 - 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். உடலில் இருந்து இயல்பாக வெளியேறுவதோ நாளுக்கு 1 - 2 மில்லிகிராம் மட்டுமே. 20 யூனிட் ஏறினால் 4 கிராமுக்கு மேல். ஒருவர் உடலில் மொத்தமாக இருக்கும் இரும்பே ஏறக்குறைய அவ்வளவுதான்!

மிஞ்சும் இரும்பு முதலில் கல்லீரலில் படியும். பிறகு இதயத் தசைக்கும் போகலாம். தலசீமியாவைவிட இதில் இதயப் பாதிப்பு குறைவு, தாமதமாகவும் வரும். ஆனால், ரத்தசோகையால் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கும் இதயம் அது. படபடப்பு, மூச்சு வாங்குவது, கால் வீக்கம் வந்தால் 'நைட் ஷிஃப்ட் அசதி' என்று விட்டுவிடக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை முதல் படி. வலி, காய்ச்சல் நேரத்தில் அது தானாகவே ஏறும் என்பதால், உடம்பு சரியாக இருக்கும்போது எடுப்பது நல்லது. இதயத்தில் படிந்த இரும்பை 'டி2 ஸ்டார்' எம்.ஆர்.ஐ. காட்டும். அளவு 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தால் இரும்பு படிந்திருக்கிறது, 10-க்குக் கீழே என்றால் ஆபத்து. எக்கோ மட்டும் போதாது. ஆரம்பத்தில் அது நார்மலாகவே வரலாம்.

அப்போ, ரத்தமே ஏத்தக் கூடாதா?

அப்படி இல்லை. டாக்டர் தேவை என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். பழைய ரத்தத்தை எடுத்துக்கொண்டே புதியதை ஏற்றும் முறையில் இரும்பு குறைவாகவே சேரும். சேர்ந்த இரும்பை வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் போன்ற மருந்துகள் உள்ளன. ஹைட்ராக்சியூரியா, ரத்தம் ஏற்றும் தேவையையே பலருக்குக் குறைக்கும்.

'ரத்தம் கம்மியா இருக்கு' என்று மெடிக்கல் ஷாப்பில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடுவதுதான் பெரிய தவறு. பரிசோதிக்காமல் வேண்டவே வேண்டாம்.

ஊர் மாறினால் கணக்கு?

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. நோய் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால், ஊரில் 6 யூனிட், இங்கே 4 யூனிட் என ஏற்றிக்கொண்டவரின் மொத்தக் கணக்கு, அவர் கையில் ஃபைல் இருந்தால்தான் டாக்டருக்குத் தெரியும்.

கம்பெனி மாறினாலும் இ.எஸ்.ஐ. எண் மாறாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி, யூனிட் எண்ணிக்கையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை ரத்தம் ஏற்றும் முன் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.